குந்தர் வால்ராஃப்: பெயரை மறைத்து, உடலை வைத்து எழுதியவர்

"மாறுவேடமிட்டு ஆலைகளிலும் பத்திரிகை அலுவலகத்திலும் வேலைக்குச் சேர்ந்து எழுதிய ஜெர்மானியச் செய்தியாளர் குந்தர் வால்ராஃபின் எழுத்து வாழ்க்கையை விரிவாகச் சொல்ல முடியுமா? பொய் சொல்லி உள்ளே நுழைந்தவர் வெளியே வந்து சொல்வதை உண்மை என்று எப்படி ஏற்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கான விடை முதலாவதிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. அவருடைய வேலைகளை வரிசையாகப் பார்த்தால், எங்கே அந்தப் பொய் நியாயமாகிறது, எங்கே அது நியாயத்தை இழக்கிறது என்பது தெளிவாகவே தெரியும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வால்ராஃபின் பலம் வேடத்தில் இல்லை. வேடமிட்ட இடத்தில் மாதக்கணக்கில் தங்கி, அங்குள்ளவர்கள் செய்த வேலையையே செய்து, அவர்கள் மூச்சில் இழுத்த தூசியையே தானும் இழுத்தார் என்பதில் இருக்கிறது.

அவர் பிறந்தது 1942 அக்டோபர் 1 அன்று, கொலோன் நகருக்கு அருகிலுள்ள புர்ஷைட் என்னும் சிற்றூரில். தந்தை கொலோனில் ஃபோர்டு கார் ஆலையின் தொழிலாளி. மகன் பதினாறு வயதைத் தொட்டபோது அவர் இறந்துவிட்டார். மகன் புத்தகக் கடையில் பயிற்சி பெற்று, புத்தக விற்பனையாளராக வாழ்க்கையைத் தொடங்கினார். 1963இல் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைப்பு வந்தது. ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராதவர்களுக்கு மேற்கு ஜெர்மானியச் சட்டம் விலக்களித்தது. ஆனால் அவர் அதற்கு விண்ணப்பிக்கத் தாமதித்துவிட்டதால் முகாமுக்குப் போக நேர்ந்தது. போனவர் துப்பாக்கியைத் தொட மறுத்தார். பத்து மாதங்கள் நடந்த இழுபறியை நாட்குறிப்பாக எழுதிக்கொண்டே வந்தார். இறுதியில் அவரை இராணுவ மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வைத்து, 'இயல்பு பிறழ்ந்த ஆளுமை, போருக்கும் அமைதிக்கும் தகுதியற்றவர்' என்று சான்றெழுதி அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்குறிப்பை வெளியிடும்படி ஊக்கப்படுத்தியவர்களில் எழுத்தாளர் ஹைன்ரிச் பொல் முக்கியமானவர். ஒரு நிறுவனம் தன்னை எதிர்ப்பவனை எந்தச் சொல்லால் முத்திரை குத்தி வெளியேற்றுகிறது என்பதை இருபத்தொரு வயதில் தன் உடம்பில் அனுபவித்தவர் அவர். பின்னாளில் அவர் எழுதிய அத்தனைக்கும் அந்த அனுபவமே அடித்தளம் என்று நினைக்கிறேன்.

அதன்பின் அவர் ஆலைகளுக்குப் போனார். கொலோன் ஃபோர்டு ஆலையின் ஓடும் பட்டையிலும், ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்திலும், சீமென்ஸ் நிறுவனத்திலும், எஃகு ஆலையிலும் சாதாரணத் தொழிலாளியாக வேலை பார்த்தார். அந்த அனுபவங்களை உலோகத் தொழிலாளர் சங்கத்தின் இதழில் எழுதினார்; 1966இல் அவை நூலாக வந்தன. இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. இந்த முதல் வேலைகளுக்கு அவர் வேடம் எதுவும் போடவில்லை. தன் சொந்தப் பெயரிலேயே வேலைக்குச் சேர்ந்தார். கட்டுரைகள் வெளிவந்து நிர்வாகங்கள் கொதித்தெழுந்த பிறகுதான், அவரைப் பற்றிய எச்சரிக்கை ஆலைகளின் பணியாளர் பிரிவுகளுக்குப் பரவியது. வாசலிலேயே அடையாளம் கண்டு திருப்பி அனுப்பப்படும் நிலை வந்தபோதுதான் மாற்றுப் பெயரும் மாற்று முகமும் தேவைப்பட்டன. உண்மைப் பெயருக்குக் கதவு மூடப்பட்ட பிறகு பிறந்த வேடம் அது.

அந்த ஆண்டுகளை அன்றைய மேற்கு ஜெர்மனியின் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். போருக்குப் பின் நாடு வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. செய்தித்தாள்களில் வளர்ச்சியின் எண்கள் நிறைந்திருந்தன. அந்த எண்களை உற்பத்தி செய்த கைகளைப் பற்றி எழுத ஆளில்லை. இலக்கியமும் தொழிற்சாலைக்குள் நுழையத் தயங்கியது. அந்தக் குறையை உணர்ந்து டோர்ட்முண்டில் 1961இல் உருவான எழுத்தாளர் குழுவில் வால்ராஃபும் இருந்தார். ஜெர்மன் மொழிக்கு இந்த வகை எழுத்து முற்றிலும் புதியது என்று சொல்லிவிட முடியாது. முதல் உலகப் போருக்கு முன்பே வியன்னாவில் மாக்ஸ் வின்டர் என்னும் செய்தியாளர் ஏழையின் கந்தலை அணிந்து இரவு விடுதிகளிலும் கழிவுநீர்க் கால்வாய்களிலும் அலைந்து, தொழிலாளர் நாளேட்டில் எழுதியிருக்கிறார். நாஜி ஆட்சி அறுத்துப்போட்ட அந்த இழையை மீண்டும் முடிச்சிட்டவர் வால்ராஃப்.

1969இல் வெளிவந்த அவருடைய 'வேண்டாத 13 செய்திக்கட்டுரைகள்' வேடங்களின் தொகுப்பு என்றே சொல்லலாம். குடிநோயாளியாக மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். வீடற்றவர்களின் விடுதியில் தங்கினார். அமெரிக்க இராணுவத்துக்கு நேபாம் என்னும் எரிகுண்டுப் பொருளைத் தயாரித்துத் தரும்படி தனக்கு வாய்ப்பு வந்திருக்கிறது, கத்தோலிக்கனான நான் அதை ஏற்கலாமா என்று ஆலை முதலாளியாக நடித்துப் பாதிரியார்களிடம் ஆலோசனை கேட்டார். உள்துறை அமைச்சகத்து அதிகாரி என்று சொல்லி நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசி, ஆலைகளுக்குள் ஆயுதம் ஏந்திய காவற்படைகள் இரகசியமாக உருவாக்கப்படுவதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார். அதிகாரியாக ஆள்மாறாட்டம் செய்ததாக இந்தக் கடைசி வேலைக்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொலோனில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் ஏவலாளாக இருந்தபோது வேறொருவரின் ஆவணங்களைப் பயன்படுத்தியதற்கான வழக்கிலும் இப்படியே விடுதலை கிடைத்தது. அவருடைய எழுத்து வாழ்க்கையைப் பின்தொடர்பவர் நூல்களுக்கு இணையாக வழக்குக் கட்டுகளையும் புரட்ட வேண்டியிருக்கும். அதை நான் அவருக்குக் குறையாகச் சொல்லவில்லை. செய்ததைச் செய்தேன் என்று கூண்டில் ஏறிச் சொன்னவர் அவர். வேடத்துக்குள் ஒளிந்துகொண்டு தப்பியவர் அல்ல.

ஜெர்மனிக்கு வெளியே அவர் செய்தவற்றில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். 1974 மே மாதம், கிரேக்கத்தில் இராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது, அவர் ஏதென்ஸின் சிந்தக்மா சதுக்கத்தில் ஒரு விளக்குக் கம்பத்தோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, அரசியல் கைதிகளை விடுவிக்கக் கோரும் துண்டறிக்கைகளை விநியோகித்தார். அடையாளத் தாள் எதையும் உடன் வைத்துக்கொள்ளவில்லை. ஜெர்மன் கடவுச்சீட்டு கையிலிருந்தால் காவலர்கள் கை ஓங்கத் தயங்குவார்கள். கிரேக்கன் என்று நினைத்தால் என்ன செய்வார்கள் என்பதை அறிவதே அவர் நோக்கம். சதுக்கத்திலேயே அடித்தார்கள், பின் சிறையில் வதைத்தார்கள். வெளிநாட்டவர் என்று தெரிந்த பிறகுதான் நடத்தை மாறியது. 14 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு கோடையில் இராணுவ ஆட்சி கவிழ்ந்ததால் ஆகஸ்டில் விடுதலையானார். 1976இல் போர்ச்சுகலின் முன்னாள் அதிபர் ஜெனரல் ஸ்பினொலாவை, வலதுசாரி நிதியாளர்களின் தூதர் போல நடித்துச் சந்தித்து, அவர் ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஆயுதம் தேடுவதை வெளிப்படுத்தினார். செய்தியாளர் எங்கே முடிகிறார், அரசியல் செயற்பாட்டாளர் எங்கே தொடங்குகிறார் என்ற கேள்வி இவ்விரண்டிலும் எழுவது இயல்பு. அந்தக் கோட்டை அவரே ஒருபோதும் அழுத்தமாக வரைந்துகொள்ளவில்லை.

இனி அவருடைய இரண்டு பெரிய வேலைகளுக்கு வருகிறேன். முதலாவது 'பில்ட்' நாளேடு. ஸ்ப்ரிங்கர் நிறுவனத்தின் இந்த ஏடு அன்று நாளொன்றுக்குப் பல இலட்சக்கணக்கில் விற்ற, ஐரோப்பாவின் மிகப் பெரிய நாளேடுகளுள் ஒன்று. 1977இல் வால்ராஃப் 'ஹான்ஸ் எஸ்ஸர்' என்ற பெயரில், கண்ணாடியைக் கழற்றி, தோற்றத்தை மாற்றி, ஹனோவர் கிளையில் செய்தியாளராகச் சேர்ந்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அங்கே வேலை செய்தார். துக்க வீட்டில் புகைப்படத்தைப் பிடுங்குவது எப்படி, யாரும் சொல்லாத வாக்கியத்தை ஒருவர் வாயில் வைப்பது எப்படி, சாதாரண நிகழ்ச்சியைப் பீதியாக ஊதுவது எப்படி என்பதையெல்லாம் உள்ளிருந்து பார்த்து, அதே ஆண்டில் நூலாக்கினார்.

அந்த நூலில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் பகுதி பில்ட் ஏட்டைப் பற்றியது அல்ல. ஹான்ஸ் எஸ்ஸரைப் பற்றியது. வேலை செய்யாமல் அங்கே இருக்க முடியாது. ஆகவே வால்ராஃபும் அத்தகைய செய்திகளை எழுதினார். அவர் எழுதியவையும் அச்சாயின. அவற்றில் வந்த மனிதர்களும் உண்மையான மனிதர்கள்தாம். வாரங்கள் செல்லச் செல்ல அந்த மொழி தன் கைக்குப் பழகுவதையும், தலைப்பு நன்றாக அமைந்தபோது ஆசிரியரின் பாராட்டுக்கு மனம் ஏங்குவதையும் அவர் மறைக்காமல் பதிவு செய்கிறார். எஃகு ஆலையில் ஒருவன் தன் உடம்பை மட்டுமே பணயம் வைக்கிறான். செய்தி அலுவலகத்தில் வேடமிட்டவன் பிறருடைய வாழ்க்கையையும் சேர்த்துப் பணயம் வைக்கிறான். இந்த முறையைப் பின்பற்ற நினைக்கும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய இடர் இதுதான். வால்ராஃப் இதை உணர்ந்தார் என்பதற்கு ஒரு சான்று உண்டு: பில்ட் ஏட்டால் பாதிக்கப்பட்டவர்கள் வழக்காட உதவும் சட்ட உதவி நிதியொன்றை நூலின் வருமானத்தைக் கொண்டு தொடங்கினார்.

ஸ்ப்ரிங்கர் நிறுவனம் வழக்குமேல் வழக்குத் தொடுத்தது. 1981இல் கூட்டாட்சி உச்ச வழக்கு மன்றம் வால்ராஃபுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பத்திரிகைத் துறையில் நடக்கும் சீர்கேட்டை அறியும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு என்பது அதன் சாரம். நிறுவனம் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 1984 ஜனவரியில் வந்த தீர்ப்பை இதழியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். பத்திரிகைச் சுதந்திரம் என்பது ஆசிரியர் குழு தனக்குள் நம்பிக்கையோடு பேசிக்கொள்ளும் உரிமையையும் உள்ளடக்கியது. ஏமாற்றி நுழைந்து பெற்ற தகவலைப் பொதுவாக வெளியிடலாகாது. ஆனால் அந்தத் தகவலின் பொதுமுக்கியத்துவம், சட்டமீறலால் விளைந்த தீங்கைவிட ஐயத்துக்கு இடமின்றிப் பெரிதாக இருந்தால் வெளியிடலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுகோலின்படி, ஆசிரியர் குழுக் கூட்டத்தை அப்படியே விவரித்த பகுதி தடை செய்யப்பட்டது. நிறுவனத்தின் பிற கோரிக்கைகள் தள்ளப்பட்டன. இருதரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொண்ட தீர்ப்பு அது. எனக்கு அது நியாயமானதாகவே படுகிறது. இன்று ஒரு நல்ல ஏட்டுக்குள் ஓர் அரசின் உளவாளி நுழைந்தால் அந்த ஏட்டைக் காப்பதும் இதே தீர்ப்புத்தானே.

இரண்டாவது வேலைதான் அவரை உலகறியச் செய்தது. 1985 அக்டோபரில் வெளிவந்த அந்த நூலின் தலைப்பைத் தமிழில் 'அடிமட்டத்தில்' என்று சொல்லலாம். அதன் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. வந்தவர்களை 'விருந்தினர் தொழிலாளர்' என்று அழைத்தார்கள். 1964இல் நாட்டுக்குள் வந்த பத்து இலட்சமாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்கு, போர்ச்சுகலிலிருந்து வந்த தச்சர் ஒருவருக்கு, கொலோன் ரயில் நிலையத்தில் இசை முழங்க மொபெட் ஒன்றைப் பரிசளித்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியோடு ஆள் எடுப்பு நிறுத்தப்பட்டது. 1983இல் வேலையற்றோர் இருபது இலட்சத்தைத் தாண்டியபோது, நாடு திரும்புகிறவருக்கு 10,500 மார்க்கும், குழந்தை ஒன்றுக்கு 1,500 மார்க்கும் தருவதாக அரசு சட்டம் இயற்றியது. விருந்தினரை வழியனுப்பும் மொய் அது.

அந்த 1983இன் மார்ச் மாதத்தில் வால்ராஃப் செய்தித்தாள்களில் சிறு விளம்பரம் ஒன்று கொடுத்தார்: வெளிநாட்டவன், உடல் வலுவுள்ளவன், எந்த வேலையானாலும் சரி, மிகக் கடினமானதும் அழுக்கானதும் ஆனாலும் சரி, குறைந்த கூலிக்கும் வருவேன் என்பது அதன் பொருள். கண்ணில் கருநிற ஒட்டுவில்லைகள், தலையில் கருமுடி, வாயில் சொல்லீறுகளை விழுங்கிய உடைந்த ஜெர்மன். அவ்வளவுதான் வேடம். நாற்பது வயதைக் கடந்த அவர் 'அலி' என்னும் துருக்கியரானார். அவருடைய உச்சரிப்பு துருக்கியர் பேசும் ஜெர்மன் போல இல்லவே இல்லை என்றும், ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்றும் அவரே எழுதுகிறார். பார்க்க வேண்டியதை மக்கள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார்கள். அலியைக் காதுகொடுத்துக் கேட்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அலி பல இடங்களில் வேலை செய்தார். பண்ணையில், கட்டுமான இடத்தில், துரித உணவகத்தின் சமையலறையில். மருந்து நிறுவனத்தின் சோதனைக்குக் கூலி வாங்கிக்கொண்டு தன் உடலையே கொடுத்து, பக்கவிளைவு தாங்காமல் விலகினார். நூலின் மையம் டுய்ஸ்பர்கிலுள்ள தைசன் எஃகு ஆலை. ஆலை அவரை நேரடியாக எடுக்கவில்லை. ஆலைக்கு ஓர் ஒப்பந்த நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துத் தரும் துணை ஒப்பந்தக்காரர். நம் ஊர் மொழியில் அவரைக் கங்காணி என்று சொல்லிவிடலாம். ஒரு மணி நேர உழைப்புக்கு ஆலை கொடுக்கும் தொகை ஒவ்வொரு கையிலும் ஒரு பங்கை இழந்து, தொழிலாளியின் கைக்கு வரும்போது சிறு பகுதியாகச் சுருங்கியிருக்கும். பலருக்குக் காப்பீடு இல்லை, பதிவும் இல்லை.

அந்த ஆலைப் பக்கங்களில் ஒரு காட்சியை மட்டும் அருகில் நின்று காட்டுகிறேன். தரைக்குக் கீழே, கருவிகளின் மேல் படிந்து இறுகிய தூசியை அலியும் துருக்கியத் தோழர்களும் சுரண்டி எடுத்துக் கொண்டிருக்கிறார்கள். முகமூடி கேட்டால் இல்லை என்கிறார்கள். தூசி கண்ணை மறைக்கிறது. நாக்கில் உலோகச் சுவை. அருகே நச்சுவாயுவை எச்சரிக்கும் கருவி மின்னத் தொடங்குகிறது. ஆபத்து ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்பதாக மேஸ்திரியின் பதில் வருகிறது. மேலே சுவரெங்கும் பாதுகாப்பு விதிகளைச் சொல்லும் பலகைகள். இந்தக் காட்சியில் எழுத்தாளர் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. யார் என்ன சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார், அடுத்த ஷிப்டுக்கும் யாரை நிறுத்திவைத்தார்கள் என்று பதிவு செய்துகொண்டே போகிறார். உடன் வந்த யோர்க் க்ஃப்ரோரர் பைக்குள் மறைத்த படக்கருவியால் எடுத்த காட்சிகள் பின்னர் ஆவணப்படமாயின. வேலை முடிந்து நெடுநாள் கழித்தும் இருமினால் எச்சில் கறுப்பாக வந்தது என்று வால்ராஃப் எழுதினார். மூச்சுக்குழல் அழற்சி அவரை விட்டுப் போகவில்லை.

இன்னொரு காட்சி, மேற்கு பெர்லினில். 1983இல் ஜெர்மனிக்கும் துருக்கிக்கும் இடையே நடந்த கால்பந்து ஆட்டத்துக்கு அலியாகப் போகிறார். போய் நின்றது நவநாஜி இளைஞர்கள் கூடியிருந்த பகுதியில். அச்சம் மேலிட, முதல் முறையாக வேடத்தைக் கைவிட்டு, தன் இயல்பான ஜெர்மனில் பேசத் தொடங்குகிறார். அதனால் பயன் ஏதும் இல்லை. தலைமுடியில் சிகரெட்டுத் துண்டுகளை எறிகிறார்கள். தலையில் பீரை ஊற்றுகிறார்கள். மொழியை மாற்றினாலும் முடியின் நிறம் காட்டிக்கொடுத்துவிட்டது. வேடத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகக்கூடியவனுக்கும், கழற்ற முடியாத தோலோடு பிறந்தவனுக்கும் உள்ள தூரத்தை அவர் வேறெங்கும் இவ்வளவு நேர்மையாகச் சொன்னதில்லை.

நூல் சில மாதங்களிலேயே ஜெர்மனியில் இருபது இலட்சம் பிரதிகளைத் தாண்டியது. முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. ஒப்பந்த ஆள் முறை குறித்து விசாரணைகள் தொடங்கின. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு வெளிநாட்டவருக்கான உதவி நிதியை அவர் நிறுவினார். ஜெர்மானியரும் வெளிநாட்டவரும் சேர்ந்து வாழும் குடியிருப்புத் திட்டமொன்றுக்கு டுய்ஸ்பர்கில் ஆதரவளித்தார்.

இந்த நூலின்மீது வைக்கப்படும் விமர்சனங்களில் இரண்டு எனக்கு வலுவானவையாகத் தெரிகின்றன. ஒன்று, கடைசி அத்தியாயம். துணை ஒப்பந்தக்காரர் எதுவரை போவார் என்று பார்க்க, வால்ராஃப் தன் நண்பர்களை அணுமின் நிலையத்தின் ஆட்கள் போல நடிக்க வைத்து, கதிர்வீச்சு ஆபத்துள்ள பழுதுபார்ப்புக்குத் துருக்கியர்கள் வேண்டும், பிறகு அவர்கள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று கேட்க வைக்கிறார். ஒப்பந்தக்காரர் ஒத்துக்கொள்கிறார். படிக்கும்போது உள்ளம் நடுங்குகிறது. ஆனால் இது நடந்த நிகழ்ச்சி அல்ல, நடத்தப்பட்ட நிகழ்ச்சி. நாடகமாக்கப்பட்ட உண்மை என்னும் பொருள்பட அவரே அதற்கு உபதலைப்பிட்டார். அந்த ஒளிவுமறைவின்மையை நான் மதிக்கிறேன். இருந்தாலும், ஆலையில் கண்டதே போதுமான சான்றாக இருந்தபோது, தூண்டில் போட்டு எடுத்த இந்தச் சான்று மற்றவற்றின் நம்பகத்தையும் சேர்த்து அசைக்கிறது.

இரண்டாவது விமர்சனம் துருக்கியரிடமிருந்து வந்தது. நூலில் வரும் துருக்கியர்கள் பெரும்பாலும் துன்பப்படுகிறவர்களாகவே வருகிறார்கள். சங்கம் அமைத்தவர்கள், வேலைநிறுத்தம் செய்தவர்கள், எழுதியவர்கள் மங்கிப் போகிறார்கள். 1973இல் கொலோன் ஃபோர்டு ஆலையில் துருக்கியத் தொழிலாளர்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் ஜெர்மானியத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. அராஸ் ஒரென் பெர்லினின் துருக்கியக் குடியிருப்பைப் பற்றிய நெடுங்கவிதையை அதே ஆண்டில் வெளியிட்டிருந்தார். அவர்கள் சொன்னபோது கேட்காத நாடு, ஒரு ஜெர்மானியர் முடிச்சாயம் பூசிக்கொண்டு சொன்னபோது இருபது இலட்சம் பிரதி வாங்கியது. இதற்கு வால்ராஃபை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய நூலைப் படிக்கிறவர் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2009இல் இந்தச் சிக்கல் முற்றி வெளிப்பட்டது. முகத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி, 'குவாமி ஒகொன்னோ' என்னும் சோமாலியராக ஜெர்மனியைச் சுற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். வாடகை வீடு தேடினார், முகாமிடும் இடத்தில் தங்க இடம் கேட்டார், கால்பந்து ரசிகர்களோடு ரயிலில் போனார். எதிர்ப்பட்ட வெறுப்பு உண்மையானதுதான். ஆனால் ஜெர்மனியின் கருப்பின எழுத்தாளர்கள் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள்: எங்கள் அனுபவத்தைச் சொல்ல நாங்களே இருக்கிறோம், எங்கள் தோலை உடையாக அணிந்து காட்டத் தேவையில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். அலி ஈராண்டு உழைத்தார். அந்த உழைப்பு அவருடைய நுரையீரலில் பதிந்தது. குவாமி ஊர் ஊராகச் சென்று எதிர்வினைகளைச் சேகரித்தார். முன்னதில் வேடம் வேலைக்கான வாசல். பின்னதில் வேடமே நிகழ்ச்சி.

ஆனால் அதே காலத்தில் அவர் செய்த வேறு வேலைகள் பழைய வலுவோடு இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 2007இல், அறுபது வயதைக் கடந்தவர் நாற்பத்தொன்பது வயதுக்காரராகத் தன்னைக் காட்டிக்கொண்டு அழைப்பு மையங்களில் சேர்ந்து, முதியவர்களிடம் தொலைபேசியில் லாட்டரிச் சீட்டு விற்கும் பயிற்சியைப் பெற்று எழுதினார். அடுத்த ஆண்டு ஒரு மலிவு விலை அங்காடித் தொடருக்கு ரொட்டி சுட்டுத் தரும் ஆலையில் சூடான தட்டுகளால் கை வெந்து உழைத்தார். 2012இல் பொதி விநியோக ஓட்டுநர்களோடு விடியலுக்கு முன் புறப்பட்டுப் போனார். 2013 முதல் இளம் செய்தியாளர் குழுவொன்று அவர் பெயரில், அவருடைய வழிகாட்டலில் தொலைக்காட்சிக்கு இதே வேலையைச் செய்கிறது. 2014இல் அவர்கள் ஒரு பர்கர் கிங் உரிமதாரரின் கடைகளில் கண்டதை ஒளிபரப்பியதைத் தொடர்ந்து ஏற்பட்ட நெருக்கடியில், பர்கர் கிங் நிறுவனம் அந்த உரிமதாரரின் 89 கடைகளின் ஒப்பந்தத்தையும் முறித்துக்கொண்டது.

அவர்மீதான பிற குற்றச்சாட்டுகளையும் விட்டுவிடக் கூடாது. பில்ட் நூலை எழுதியது தானே என்று 1987இல் இதழாசிரியர் ஹெர்மன் கிரெம்லிட்சா அறிவித்தார்; நூல்களில் பிறர் கை எவ்வளவு என்ற கேள்வி அன்று முதல் வால்ராஃபைத் தொடர்கிறது. களப்பணி அவருடையது என்பதை அந்தச் சர்ச்சை மறுக்கவில்லை என்றாலும், உதவியவர்களின் பெயரை உரக்கச் சொல்லியிருக்கலாம் என்பதே என் மனக்குறை. 2003இல், கிழக்கு ஜெர்மனியின் உளவுத் துறைக் கோப்புகளில் 1960களின் இறுதியில் அவர் பெயர் பதிவாகியிருப்பது வெளியானது. முன்னாள் நாஜிகளைப் பற்றிய ஆவணங்களைத் தேடிக் கிழக்கே சென்றதை அவர் ஒப்புக்கொண்டார். உளவு வேலை செய்ததை மறுத்தார். அவர் அறிந்தே ஒத்துழைத்தார் என்று எழுதுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹாம்பர்க் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன.

ஸ்வீடிஷ் மொழியில் 'வால்ராஃபா' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அடையாளத்தை மறைத்து உள்ளே நுழைந்து செய்தி சேகரிப்பது என்பது அதன் பொருள். அந்நாட்டு அகாதெமியின் சொற்பட்டியலிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. பிரான்சில் ஃப்ளொரான்ஸ் ஒபெனா 2009இல் வேலையற்றவராகப் பதிந்துகொண்டு, நார்மண்டித் துறைமுகத்தில் கப்பல் அறைகளைத் துடைத்து எழுதிய நூல் இந்த வழியில் வந்ததுதான். அவர் தன் சொந்தப் பெயரையே பயன்படுத்தினார். முடியின் நிறத்தை மட்டும் மாற்றிக் கண்ணாடி அணிந்துகொண்டார். நிரந்தர வேலை கிடைத்தால் நிறுத்திவிடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தார். ஏனென்றால் அது உண்மையில் தேவைப்படும் ஒருவருடைய வேலை. வால்ராஃபிடம் சில நேரம் நான் காணாத நுண்மை இது.

நீங்கள் கேட்ட 'எப்படி ஏற்பது' என்பதற்கு இப்போது நேராகவே பதில் சொல்ல முடியும். தன் பெயரைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டு, கண்டதைத் தேதியோடும் இடத்தோடும் சொல்லி, எதிர்த்தரப்பு வழக்காடும்போது சாட்சிகளோடு நின்றவரை நம்பலாம். வேறு வழியில் அந்தச் செய்தியை எடுத்திருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேடத்துக்கு நியாயம் உண்டு. ஏமாற்றப்படுகிறவர் ஆலையின் நிர்வாகமா, அருகில் நின்று உழைக்கும் தோழரா என்று பாருங்கள். இந்த இரண்டாவது கேள்வியில்தான் வால்ராஃப் உட்படப் பலரும் தடுமாறுகிறார்கள். அலியை நம்பித் தன் குடும்பக் கதையைச் சொன்ன துருக்கியத் தொழிலாளியும் ஏமாற்றப்பட்டவர்தான்.

படிக்கத் தொடங்குவதானால், அலியாக வாழ்ந்து எழுதிய புகழ்பெற்ற நூலை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேடம் வருவதற்கு முன் அவர் சொந்தப் பெயரில் எழுதிய 1960களின் ஆலைக் கட்டுரைகளை முதலில் படியுங்கள். அதன்பின் 'அடிமட்டத்தில்' நூலுக்கு வரும்போது, ஆலைக்கும் தொழிலாளிக்கும் இடையே கூலி கைமாறும் பக்கங்களில் நின்று படியுங்கள். 2020இல் ஜெர்மானிய இறைச்சி ஆலைகளில் கொரோனா பரவியபோது, ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வந்தவர்கள் துணை ஒப்பந்தக்காரர்களின் கீழ் நெருக்கியடித்துத் தங்கவைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தத் துறையின் மைய வேலைகளில் துணை ஒப்பந்த ஆட்களைப் பயன்படுத்துவதைத் தடை செய்யும் சட்டம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அலி டுய்ஸ்பர்கில் தூசி சுரண்டிய நாளிலிருந்து அதற்கு ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டமும் இறைச்சித் துறைக்கு மட்டுமே பொருந்தியது.